பத்து நாள் மருந்துச் சீட்டு எட்டு மாதம் ஓடியது எப்படி? வெளியூர்த் தொழிலாளர்களும் மனநல மருந்தும்

நொய்யல்கரை | ஞாயிறு இரவு

எங்கள் பனியன் கம்பெனியில் ஓர் ஒடிசாப் பையன் இருக்கிறான். வயது 22. கைமடிக்கச் சேர்ந்தவன், இப்போது ஓவர்லாக் தைக்கிறான். நான் அதே லைனில் சூப்பர்வைசர். நானும் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து 19 வயதில் பஸ் ஏறித் திருப்பூர் வந்தவன்தான். அதனால் வெளியூர்ப் பிள்ளைகளிடம் எனக்குக் கொஞ்சம் ஒட்டுதல் உண்டு.

போன ஐப்பசியில் அவன் தையலில் தப்பு விட ஆரம்பித்தான். கண் எப்போதும் சிவந்திருக்கும். கேட்டால் ராத்திரி தூக்கமே இல்லை என்றான். எட்டுக்குப் பத்து ரூமில் ஏழு பேர். பகல் ஷிப்ட் ஆள் எழுந்து போன பாயிலேயே ராத்திரி ஷிப்ட் ஆள் வந்து படுப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானே ஒரு கிளினிக்குக் கூட்டிப்போனேன். உள்ளே போய் வெளியே வர மூன்று நிமிடம் ஆகியிருக்காது. "தூக்கம் வருதா?" என்று டாக்டர் கேட்டார். என் அரைகுறை இந்தியில் நான் அவனிடம் கேட்டேன். அவன் இல்லையென்று தலையாட்டினான். அல்ப்ராசோலம் என்ற மாத்திரை, 0.5 மில்லிகிராம், ராத்திரி ஒன்று, பத்து நாள் என்று எழுதிக் கொடுத்தார். அன்றைக்கே தூங்கினான், தையலும் சரியானது. நான் அதோடு மறந்துவிட்டேன்.

இந்த ஆனியில் ஊருக்குக் கிளம்பினான். ரயிலில் இரண்டாவது ராத்திரி வலிப்பு வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து அவனுக்கு வலிப்பே வந்ததில்லை. கூடப் போன பையன்கள் வழியில் இறக்கி அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே டாக்டர் பையைத் திறந்து காலி அட்டைகளை எடுத்து வைத்துக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. பத்து நாள் மாத்திரையை எட்டு மாதமாகச் சாப்பிட்டிருக்கிறான். ஒன்று போதாமல் இரண்டு, இரண்டு போதாமல் மூன்று. கிளம்புவதற்கு முந்தின நாள் தீர்ந்திருக்கிறது. ஊரில் வாங்கிக்கொள்ளலாம் என்று ரயில் ஏறிவிட்டான்.

பிழைத்துக்கொண்டான், இப்போது வீட்டில் இருக்கிறான். ஆனால் கூட்டிப்போனது நான், சீட்டை வாங்கிக் கையில் கொடுத்தது நான். என்னால் இதை விட முடியவில்லை. பிழைக்க வந்த ஊரில் இந்த மாதிரி மருந்தை யார் எழுதுகிறார்கள், எதற்காக எழுதுகிறார்கள், யார் நிறுத்துகிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மருந்துக்கடை_மாரி | ஞாயிறு இரவு

கோவைக்கு வெளியே 14 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அல்ப்ராசோலம், டயசிபாம், நைட்ரசிபாம், சோல்பிடெம் இவையெல்லாம் 2014 மார்ச்சிலிருந்து எச்1 அட்டவணையில், அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்துகளின் பட்டியலில், இருக்கின்றன. டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எத்தனை கொடுத்தோம் எல்லாவற்றையும் தனி ரெஜிஸ்டரில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். திரும்பத் தரலாம் என்று டாக்டர் சீட்டில் எழுதாவிட்டால் அந்தச் சீட்டுக்கு ஒரு தடவைதான் மருந்து.

நடப்பது வேறு. சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு பையன்கள் வருவார்கள். போனில் சீட்டின் போட்டோ இருக்கும், தேதி இருக்கும் இடம் மட்டும் ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கும். ஒரு தெருவில் நாலு கடை. நான் இல்லையென்றால் அடுத்த கடை. "பத்து வேண்டாம், அஞ்சு போதும்" என்பார்கள். அட்டையைக் கத்தரியால் வெட்டிக் கொடுத்தால் மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் கடையில் தங்கும் பாதியில் இருந்துவிடும். அவர்கள் கையில் போவது வெறும் குமிழ்கள். அதைப் பார்த்து வேறு ஊர் டாக்டர் என்ன கண்டுபிடிப்பார்?

நானும் ஆரம்ப வருடங்களில் அப்படிக் கொடுத்திருக்கிறேன். பாவம், தூங்கட்டும் என்று நினைத்துத்தான் கொடுத்தேன். இன்றைக்கு உங்கள் பதிவைப் படித்தபிறகு கையே ஓடவில்லை.


மனநலம்_பிஜி | ஞாயிறு நள்ளிரவு

அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் மனநல மருத்துவ மேற்படிப்பில் இருக்கிறேன். பையனுக்கு நடந்ததில் மர்மம் ஒன்றுமில்லை. அல்ப்ராசோலம் உடம்பிலிருந்து சீக்கிரம் இறங்கிவிடும் மருந்து. மாதக்கணக்கில் தினமும் சாப்பிட்டு மூளை அதற்குப் பழகிய பிறகு ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, பதற்றம் வரும். சிலருக்கு வலிப்பே வரும். அதனால்தான் இந்த வகை மருந்தைச் சில வாரங்களுக்கு மேல் தினமும் தரக்கூடாது என்றும், நிறுத்தும்போது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்றும் எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். இதைப் படிப்பவர்கள் யாராவது இப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தயவுசெய்து நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். எழுதிய டாக்டரிடம் போய்க் குறைக்கச் சொல்லுங்கள்.

யார் எழுதுகிறார்கள் என்று கேட்டீர்கள். பெரும்பாலும் மனநல மருத்துவர் இல்லை, பக்கத்துக் கிளினிக்கின் பொது மருத்துவர்தான். இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர். இருக்க வேண்டியது மூன்று. பெங்களூரு நிமான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில் மனநலக் கோளாறு கிராமப்புறத்தில் 6.9 சதவீதம், பெருநகரங்களில் 13.5 சதவீதம் என்று வந்தது. நகரம்தான் நோயைக் கொடுத்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது, ஆனால் நகரத்தில் கேட்டு வருபவர்கள் அதிகம் என்பது நிச்சயம். எங்கள் ஓ.பி.யில் காலை ஒன்பதிலிருந்து ஒரு மணிக்குள் இரண்டு பேர் சேர்ந்து 150 பேரைப் பார்த்த நாட்கள் உண்டு.

எதற்காக எழுதுகிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மனச்சோர்வுக்கான மருந்து வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். உங்கள் பையன் மாதிரி ஒருத்தர் பீஸ் ரேட்டில் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார். இன்றைக்கு ராத்திரி ஏதாவது குணம் தெரியாவிட்டால் மறுபடி வரமாட்டார் என்று டாக்டருக்குத் தெரியும். அதனால் இன்றைக்கே வேலை செய்யும் மாத்திரை சீட்டில் ஏறுகிறது. அடுத்த தடவை பார்க்கும்போது நிறுத்திக்கொள்ளலாம் என்பது கணக்கு. அந்த அடுத்த தடவை வருவதே இல்லை.

இதில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோப்ராமும் அல்ப்ராசோலம் வகையைச் சேர்ந்த குளோனாசிபாமும் ஒரே மாத்திரைக்குள் சேர்த்து நம் நாட்டில் விற்கிறார்கள். முதலாவதை ஆறு மாதமாவது தொடர வேண்டும். இரண்டாவதைச் சில வாரத்தில் நிறுத்த வேண்டும். ஒரே மாத்திரையாக இருந்தால் எப்படிப் பிரிப்பது? நோயாளிக்கு அது ஒரே ஒரு மஞ்சளோ வெள்ளையோ மாத்திரை.


வாசுகி_தேனி | திங்கள் காலை

என் தம்பி கதை வேறு மாதிரி. அவனுக்கு 24 வயதில் மனச்சிதைவு என்று கண்டுபிடித்தார்கள். காதில் குரல் கேட்கும். ஊரில் ஆஸ்பத்திரியில் பார்த்து, ரிஸ்பெரிடோன் ஒரு மாத்திரையில் நன்றாக இருந்தான். அப்புறம் மாமா சென்னையில் ஒரு ஓட்டலில் சேர்த்துவிட்டார். அங்கே ஒரு டாக்டர். ஓட்டலை விட்டுப் பார்சல் ஆபீஸ் வேலைக்கு அம்பத்தூர் போனான், அங்கே இன்னொரு டாக்டர். ஊருக்கு வந்த நேரத்தில் ஒரு டாக்டர். பழைய சீட்டை எடுத்துப்போக அவனுக்குத் தோன்றாது. இருக்கும் அட்டையைக் காட்டுவான். அவர்கள் அதை மாற்றமாட்டார்கள், மேலே ஒன்று சேர்ப்பார்கள்.

நாலாவது வருடம் தீபாவளிக்கு வந்தபோது எல்லாவற்றையும் தரையில் ஒரு பழைய வேட்டியை விரித்து வைத்துப் பார்த்தேன். ரிஸ்பெரிடோன், ஒலான்சபின், ஹாலோபெரிடால், டிரைஹெக்சிபெனிடில் தனியாக ஒன்று, ரிஸ்பெரிடோனோடு சேர்ந்த மாத்திரைக்குள்ளே இன்னொன்று, குளோனாசிபாம், வயிற்றுக்கு ஒரு மாத்திரை. குரல் கேட்கவில்லைதான். ஆனால் தம்பி அங்கே இல்லை. வாயோரம் எச்சில் வழியும், பெயர் கூப்பிட்டால் திரும்ப நேரமாகும், மலச்சிக்கலில் கிடந்து துடிப்பான். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

திருச்சியில் ஒரு மனநல டாக்டர்தான் அந்த வேட்டியை மூட்டையாகவே வாங்கி மேஜையில் கொட்டி ஒவ்வொன்றாகக் கேட்டார். முக்கால் மணி நேரம். ஐந்து மாதத்தில் ஏழு இரண்டானது. இப்போது வீட்டில் ஆடு பார்த்துக்கொள்கிறான், பேசுகிறான். யாரும் அவனுக்குக் கெடுதல் செய்ய நினைக்கவில்லை. ஆனால் ஒருத்தருக்கும் முழுக்கதை தெரியாது.


மனநலம்_பிஜி | திங்கள் காலை

வாசுகி அக்கா, நீங்கள் சொன்ன டிரைஹெக்சிபெனிடில் பற்றி ஒரு வார்த்தை. மனச்சிதைவு மருந்தால் உடம்பு விறைப்பாகி, கை நடுங்கினால் அதைச் சரிசெய்யக் கூடவே கொடுக்கும் மருந்து அது. எல்லோருக்கும் முன்கூட்டியே கொடுத்து வைக்கத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 1990லேயே சொல்லிவிட்டது. இங்கே இன்னும் வழக்கமாகக் கொடுக்கிறோம். காரணம் மறுபடியும் அதேதான். விறைப்பு வந்தால் நோயாளி உடனே திரும்பி வர முடியுமா? முடியாது. ஊரிலோ ரூமிலோ கழுத்து இழுத்துக்கொண்டு கிடப்பார். பயந்துபோய் மருந்தையே தூக்கிப் போட்டுவிடுவார். அதற்குப் பயந்து எழுதுகிறோம். அதன் விலை ஞாபக மறதி, வாய் உலர்வது, மலச்சிக்கல். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது "இது இன்னும் வேண்டுமா" என்று யாராவது கேட்க வேண்டும்.


ராஜன்_வடசென்னை | திங்கள் மதியம்

எல்லாம் சரி. ஆனால் இதைப் படிக்கும் யாராவது "மனநல மருந்தே தப்பு" என்று எடுத்துக்கொள்வார்களோ என்று எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

என் பெரியப்பா மகன் ராமநாதபுரத்திலிருந்து இங்கே லோடு வேலைக்கு வந்தவன். அவனுக்கும் மனச்சிதைவு. மாதம் ஒரு ஊசி போட்டுக்கொண்டு மூட்டை தூக்கிச் சம்பாதித்து, தங்கச்சிக்குக் கல்யாணம் செய்து வைத்தான். கூட இருந்தவர்கள்தான் "அது வெறும் தூக்க ஊசி, ஆண்மை போயிடும்" என்று சொல்லிச் சொல்லி நிறுத்த வைத்தார்கள். நாலு மாதத்தில் பழையபடி ஆகி ரூமை விட்டுப் போனவன்தான். ஒன்பது வருடமாகிறது. பெரியம்மா இன்னும் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் போனால் பிளாட்பாரத்தில் படுத்திருப்பவர்களின் முகத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே நடப்பார்.

ஏர்வாடியை மறந்துவிட்டோமா? 2001 ஆகஸ்ட் 6, சங்கிலியில் கட்டிப் போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கொட்டகைத் தீயில் செத்தார்கள். எங்கள் பக்கத்து ஊர்தான். மருந்து கிடைக்காத, மருந்தை நம்பாத காலம் அப்படி இருந்தது. அதிகம் கொடுப்பதைப் பற்றிப் பேசும்போது கிடைக்காமல் போவதையும் சேர்த்துப் பேசுங்கள்.


நொய்யல்கரை | திங்கள் இரவு

ராஜன் அண்ணே, மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. உங்கள் அண்ணனுக்கு வேண்டிய மருந்து நின்றதும், எங்கள் பையனுக்கு வேண்டாத மருந்து நிற்காததும் ஒரே இடத்தில் வந்து முட்டுகிறது என்று உங்கள் பதிவைப் படித்துத்தான் புரிந்தது. இடம் மாறும் ஆளோடு அவனைத் தெரிந்த டாக்டர் யாரும் கூட வருவதில்லை. ஊரில் என்றால் ஒரு நர்ஸம்மாவோ, டீக்கடைக்காரரோ "என்னப்பா இந்த மாசம் ஆஸ்பத்திரிக்குப் போகலையா" என்று கேட்டிருப்பார்.

மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது என்று சொல்வார்கள், இருக்கிறது, நல்ல திட்டம்தான். தலைமை ஆஸ்பத்திரியில் டாக்டர், தாலுகா ஆஸ்பத்திரிக்குக் குறிப்பிட்ட கிழமையில் வருகிறார். ஆனால் அதெல்லாம் வேலை நாள் காலையில். எங்கள் ஆட்களுக்கு ஒன்றரை ஷிப்ட், காலை எட்டரையிலிருந்து ராத்திரி எட்டரை. ஓய்வு ஞாயிறு ஒரு நாள். ஞாயிற்றுக்கிழமை திறந்திருப்பது தனியார் கிளினிக்கும் மெடிக்கல் ஷாப்பும்தான்.


இந்தி_டீச்சர் | செவ்வாய் காலை

மருத்துவ முகாம்களில் வடமாநிலத் தொழிலாளர்களுக்கு மொழிபெயர்க்கப் போகிறவள் நான். ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதை நான் கண்ணால் பார்த்தேன்.

பீகார்ப் பையன் ஒருவன். என்ன பிரச்சினை என்று கேட்டால் "மன் நஹீ லக்தா" என்றான். பக்கத்தில் இருந்த காண்ட்ராக்டரின் ஆள் முந்திக்கொண்டு டாக்டரிடம் "வேலையில மனசு இல்லையாம் சார்" என்றார். டாக்டர் சிரித்துவிட்டுச் சத்து மாத்திரை எழுதப் போனார். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் அது இல்லை. மனசு எதிலும் ஒட்டவில்லை, சாப்பாட்டில், பேச்சில், ஊர் நினைப்பில்கூட ஒட்டவில்லை என்று சொல்கிறான். நான் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டேன். இரண்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தண்டவாளம் பக்கம் போய் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறான். அவனுக்கு வேண்டியது சத்து மாத்திரையும் இல்லை, தூக்க மாத்திரையும் இல்லை.

மொழி புரியாத இடத்தில் எல்லாத் துன்பமும் "தூக்கம் வரலை" என்று சுருங்கிவிடும், சைகையில் காட்ட முடிவது அது ஒன்றுதான். உங்கள் பையனிடம் தூக்கம் ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டார்களா, நொய்யல்கரை சார்? குறை சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. காண்ட்ராக்டர் மூலம் மாநிலம் விட்டு மாநிலம் அழைத்து வரும் தொழிலாளருக்கு இலவச மருத்துவ வசதி செய்து தர வேண்டும் என்று 1979ஆம் வருடச் சட்டமே எழுதிவைத்தது. நான் போன முகாம்களில் அது தெரிந்த ஒரு தொழிலாளரைக்கூடப் பார்த்ததில்லை.


சாயப்பட்டறை | செவ்வாய் இரவு

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். எனக்கு இருதுருவ நோய், பைபோலார் என்பார்கள்; மனசு சில காலம் ஒரேயடியாகப் பொங்கும், சில காலம் ஒரேயடியாகச் சோர்ந்துவிடும். ஆறு வருடமாக லித்தியம் சாப்பிடுகிறேன். ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம், வேலை டையிங் யூனிட்டில்.

அந்த மாத்திரை என்னைக் காப்பாற்றியது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஊரில் எழுதிய டாக்டருக்கு நான் பாய்லர் பக்கத்தில் நிற்கப் போகிறேன் என்று தெரியாது. சித்திரை மாதம், உள்ளே நிற்க முடியாத அனல், சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். இடுப்பு வலி என்று பக்கத்துக் கிளினிக்கில் டைக்ளோபினாக் ஊசி மூன்று நாள் தொடர்ந்து போட்டுக்கொண்டேன். நாலாம் நாள் பேதி, கை உதறல், நாக்கு குழறியது, நேராக நடக்க முடியவில்லை. குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியே உட்காரவைத்துவிட்டார். நான் வாழ்நாளில் குடித்ததில்லை. அதைச் சொல்லவும் வாய் வரவில்லை.

கூட வேலை செய்யும் அக்கா ஒருத்தர் ஆட்டோவில் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ரத்தத்தில் லித்தியம் ஏறிப்போயிருந்தது. அந்த ஊசி போட்டவரிடம் நான் மாத்திரையைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்று தெரிந்துவிடும், கம்பெனிக்குப் போய்விடும், ரூமைக் காலி செய்யச் சொல்வார்கள். சொந்த ஊரில் இந்தப் பயம் எனக்கு இருந்ததில்லை. அங்கே எல்லோருக்கும் ஏற்கனவே தெரியும்.


மனநலம்_பிஜி | செவ்வாய் நள்ளிரவு

சாயப்பட்டறை அண்ணே, நீங்கள் எழுதியதற்கு நன்றி. நாளைக்கு என் யூனிட்டில் இதைப் பெயரில்லாமல் சொல்லலாமா? எங்கள் சீட்டில் "வேலை" என்று ஒரு கட்டம் இருக்கிறது. கூலி என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். என்ன கூலி, வெயிலிலா, அனலிலா, ராத்திரியிலா என்று கேட்பதில்லை.

லித்தியம் சாப்பிடும் மற்றவர்களுக்கு: வியர்வையில் தண்ணீரும் உப்பும் போனால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். டைக்ளோபினாக், இபுபுரூபன் மாதிரி வலி மருந்துகளும் ஏற்றும். வலிக்கு ஊசி போடும் எந்த டாக்டரிடமும் லித்தியம் என்ற ஒரு சொல்லையாவது சொல்லிவிடுங்கள். காய்ச்சல், பேதி, வேலை இடம் மாறுவது, வெயில் காலம் என்றால் டாக்டரிடம் கேட்டு ரத்தத்தில் அளவு பாருங்கள், கடைசி மாத்திரை சாப்பிட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து.

வாசுகி அக்காவுக்கும் மற்றவர்களுக்கும்: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் நோயாளிக்குத் தன் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டு வாங்கும் உரிமை உண்டு. ஊர் மாறும்போது கேளுங்கள். "வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறான், மருந்து பெயரும் அளவும் எப்போது ஆரம்பித்தது என்பதும் எழுதிக் கொடுங்கள்" என்றால் போதும், ஒரு பக்கம்தான். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் வீடில்லாதவர்களுக்கும் அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.


மருந்துக்கடை_மாரி | புதன் காலை

நான் ஒன்று ஆரம்பித்திருக்கிறேன். அட்டையை வெட்ட வேண்டி வந்தால் கவரில் மருந்தின் பெயரைத் தமிழிலும் இந்தியிலும் பேனாவால் எழுதிக் கொடுக்கிறேன். இந்தி எழுத்துக்கு என் மகள் ஒரு தாளில் மாதிரி எழுதி கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறாள். பழைய சீட்டோடு அல்ப்ராசோலம் கேட்டு நேற்று மூன்று பேர் வந்தார்கள். கொடுக்கவில்லை. ஆனால் சும்மாவும் அனுப்பவில்லை, எத்தனை நாளாகச் சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். ஒருத்தன் "ஒரு வருஷம்" என்றான். அவனை இல்லையென்று அனுப்பினால் உங்கள் பையனுக்கு நடந்ததுதான் நடக்கும். கடையை மாமனாரிடம் விட்டுவிட்டு நானே பைக்கில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தினமும் இப்படிப் போக முடியாது, அதுவும் தெரியும்.


நொய்யல்கரை | ஞாயிறு காலை

டீச்சர், நீங்கள் கேட்ட கேள்விக்கு ஐந்து நாள் கழித்துப் பதில் எழுதுகிறேன். யாரும் கேட்கவில்லை. நேற்றுப் பையனுக்குப் போன் போட்டு, இந்தி நன்றாகத் தெரிந்த இன்னொரு பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் கேட்டேன்.

போன ஐப்பசியில் அவன் அப்பா இறந்திருக்கிறார். வீடியோ காலில் கொள்ளி வைப்பதைப் பார்த்திருக்கிறான். ஆர்டர் அவசரம், லீவு கேட்டால் வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாரம் அவன் ஏழு நாளும் லைனுக்கு வந்தான். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவன் என்று மேனேஜரிடம் நானே பாராட்டிச் சொன்னேன்.

14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கொடுத்திருக்கிறேன். 2022 அக்டோபரில் ஆரம்பித்த இலவச எண், 24 மணி நேரமும் உண்டு. ஊரிலேயே இருப்பதால் அவன் மொழியிலேயே பேசலாம். அங்கே மாவட்ட ஆஸ்பத்திரி டாக்டர் மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வருகிறார், இப்போது அரை மாத்திரை. இன்னும் மூன்று வாரத்தில் முழுக்க நிற்கும் என்று சொல்லியிருக்கிறாராம். கிளம்பும்போது அந்த ஒரு பக்கக் குறிப்பை வாங்கி, எனக்கும் போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

ஆவணி கடைசியில் வருகிறான். அவன் பழைய ரூமில் இடம் போய்விட்டது. என் வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை சும்மாதான் கிடக்கிறது, நேற்றே மனைவியும் நானும் துடைத்துச் சுண்ணாம்பு அடித்தோம். ஒடியா தெரிந்த யாராவது திருப்பூரில் இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். வந்தபிறகு அவனிடம் அப்பாவைப் பற்றிப் பேச வேண்டும். என் இந்தி அதற்குப் போதாது.